கேட்டும் கேட்கப்படாத கேள்வி: சிக்கலான கருக்காலத்தில் நோயாளியின் குரலும் பிரித்தானியத் தீர்ப்புகளும் (1957–2017)

ஆய்வுச் சுருக்கம்

சிக்கலான கருக்காலத்தில் ஒரு பெண் தன் மருத்துவரிடம் எழுப்பும் கேள்வி பிரித்தானிய நீதிமன்றங்களில் எவ்வாறு பதிவாயிற்று, எவ்வாறு வகைப்படுத்தப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1957ஆம் ஆண்டின் போலம் வழக்கு தொடங்கி 2015ஆம் ஆண்டின் மான்ட்கோமரி வழக்கும் அதனைத் தொடர்ந்த தீர்ப்புகளும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. இடரைத் தெரிவிக்கும் மருத்துவரின் கடமை நோயாளியின் கேள்வியோடு பிணைக்கப்பட்டிருந்த காலத்தில், கல்வியும் துறையறிவும் உடைய பெண்களின் கேள்விகளும் ‘பொதுவான கவலை’ என ஒதுக்கப்பட்டன என்பது இக்கட்டுரையின் வாதம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று இதனோடு ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மகப்பேறு, நோயாளியின் இசைவு, மருத்துவக் கவனக்குறைவு, மான்ட்கோமரி வழக்கு, மருத்துவச் சட்ட வரலாறு

முன்னுரை

மருத்துவ வரலாற்றுக்கான சான்றுகளில் நோயாளியின் சொல் அரிதாகவே கிடைக்கிறது. மருத்துவர்கள் நூல்களும் குறிப்பேடுகளும் எழுதினர். மருத்துவமனைகள் ஆண்டறிக்கைகளைத் தொகுத்தன. நோயாளி சொன்னது பெரும்பாலும் மருத்துவரின் கையெழுத்தில், அவர் தேர்ந்த சொற்களில் எஞ்சி நிற்கிறது. இதற்கு விதிவிலக்கான ஆவணவகை நீதிமன்றத் தீர்ப்பு. வழக்கு என்று வந்துவிட்டால், ‘நோயாளி என்ன கேட்டார், எத்தனை முறை கேட்டார், எந்தச் சொற்களில் கேட்டார்’ என்பவை சாட்சியமாகின்றன. ஆனால் நீதிமன்றமும் அச்சொற்களை அப்படியே விட்டுவைப்பதில்லை. அவற்றை எடைபோட்டு, இது கேள்வி, இது கவலை, இது வேண்டுகோள் என்று பிரிக்கிறது. வழக்கின் வெற்றி தோல்வி இப்பிரிவினையில் தங்கியிருந்த காலம் ஒன்று உண்டு.

கருவுற்ற பெண்ணைப் பொறுத்தவரை இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. கருவுற்றிருத்தல் நோயன்று, ‘நோயாளி’ என்னும் தமிழ்ச்சொல்லே இங்குச் சற்று இடறுகிறது. ஆயினும் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ சேரும்போது அவர் மருத்துவ மேற்பார்வைக்குள் வருகிறார். சட்டத்தின் பார்வையில் நோயாளியாகிறார். அவருடைய முடிவு அவர் உடலை மட்டுமின்றிப் பிறக்கப்போகும் குழந்தையையும் தொடுகிறது. காலமும் குறைவு. மற்ற நோயாளிகளைப் போல ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று ஒத்திப்போட அவருக்கு வழியில்லை.

கேள்வியில் தங்கிய கடமை

1954இல் லண்டனின் ஃப்ரையர்ன் மருத்துவமனையில் ஜான் போலம் என்பவருக்கு மனச்சோர்வுக்காக மின்னதிர்வுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. தசை தளர்த்தும் மருந்து கொடுக்கப்படவில்லை. எலும்பு முறியும் இடர் உண்டு என்றும் சொல்லப்படவில்லை. அவருக்கு இடுப்பு எலும்பு முறிவு ஏற்பட்டது. 1957இல் வழக்கை விசாரித்த நீதிபதி மெக்நேர், பொறுப்புள்ள மருத்துவர் குழுவொன்று முறையானதென ஏற்கும் நடைமுறையைப் பின்பற்றிய மருத்துவரைக் கவனக்குறைவுடையவர் எனக் கொள்ளலாகாது என்று நடுவர் குழுவுக்கு விளக்கினார். ஸ்காட்லாந்தில் 1955ஆம் ஆண்டின் ஹன்டர் எதிர் ஹான்லி வழக்கு ஏறத்தாழ இதே கருத்தை முன்னரே கூறியிருந்தது. சிகிச்சையின் தரத்தை மருத்துவரின் சக மருத்துவர்களைக் கொண்டு அளப்பதில் நியாயம் உண்டு. ஆனால் போலம் அளவுகோல் சிகிச்சையோடு நிற்கவில்லை. நோயாளிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதையும் அதுவே அளந்தது. மற்ற மருத்துவர்கள் சொல்லமாட்டார்கள் என்றால், இவரும் சொல்லத் தேவையில்லை.

இந்நிலை 1985இல் பிரபுக்கள் அவையின் முன் வந்தது. ஏமி சிடவே என்னும் பெண்ணுக்கு 1974இல் கழுத்து முள்ளெலும்புப் பகுதியில் அறுவை செய்யப்பட்டது. தண்டுவடம் பாதிக்கப்படும் இடர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அது அவரிடம் சொல்லப்படவில்லை. அவ்விடரே நேர்ந்து அவர் உடல் ஊனமுற்றார். அவர் தோற்றார். ஸ்கார்மன் பிரபு மட்டும், முடிவில் உடன்பட்டாலும், நோயாளிக்குத் தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையிலிருந்தே மருத்துவரின் தெரிவிக்கும் கடமை பிறக்கிறது என்று தனித்து எழுதினார். பெரும்பான்மையினர் போலம் அளவுகோலை வெவ்வேறு அளவில் தழுவி நின்றனர்.

சிடவே தீர்ப்பில் இக்கட்டுரைக்கு இன்றியமையாத பகுதி வேறொன்று. பிரிட்ஜ் பிரபுவும் டிப்லாக் பிரபுவும், நோயாளி குறிப்பாகக் கேட்டால் மருத்துவர் உண்மையாகவும் முழுமையாகவும் விடையளிக்க வேண்டும் என்றனர். இதனை விளக்க டிப்லாக் பிரபு எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு அவருடைய சொந்த வகுப்பைச் சேர்ந்தது: நோயாளியாகப் படுத்திருப்பவர் ஒரு நீதிபதி. வழக்குரைஞராகப் பழகியவர், கல்வியும் அனுபவமும் மிக்கவர். தன் உடலில் எது செய்யப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தன் உரிமை என அறிந்தவர். ஆகவே இயல்பாகவே இடர்களைக் கேட்பார், விடையும் பெறுவார். கேட்காதவர் தெரிந்துகொள்ள விரும்பாதவர் என்பது இதன் உட்கிடை. தம்மை அறியாமலேயே டிப்லாக் பிரபு ஒரு வரலாற்று ஆவணத்தை விட்டுச்சென்றார் எனலாம். கேட்கத் தெரிந்த நோயாளி என்று சட்டம் யாரை மனத்தில் வைத்திருந்தது என்பதை அது காட்டிவிடுகிறது.

எனவே 1985க்குப் பின் நிலைமை இதுதான்: கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சக மருத்துவர்களின் வழக்கமே அளவுகோல். நோயாளியின் கேள்விக்கு இதனால் ஒரு சட்ட வலிமை வந்தது. கேட்ட பெண்களுக்கு அவ்வலிமை உண்மையில் கிட்டியதா என்பதே வினா.

கேட்டவர்கள்

முதலில் பிளைத் வழக்கு. 1978இல் லண்டனின் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் குழந்தை பெற்ற பெண்ணுக்கு ருபெல்லா தடுப்பூசி போட வேண்டியிருந்தது. அதன்பின் சில காலம் கருத்தரிக்கலாகாது என்பதால் டெப்போ-புரோவேரா என்னும் கருத்தடை ஊசியும் செலுத்தப்பட்டது. அவர் செவிலியப் பயிற்சி பெற்றவர். ஊசியின் பக்க விளைவுகளைப் பற்றிக் கேட்டதாகச் சாட்சியமளித்தார். பின்னர் உதிரப்போக்கால் துன்புற்றார். விசாரணை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. பொதுவான விசாரிப்புக்கு எவ்வளவு விடை சொல்ல வேண்டும் என்பதையும் போலம் அளவுகோலே தீர்மானிக்கும் என்பது அதன் நிலைப்பாடு. சிடவே தீர்ப்பு திறந்துவைத்த வாயில் இரண்டே ஆண்டுகளில் பாதி மூடப்பட்டது. ‘பொதுவான விசாரிப்பு’, ‘குறிப்பான கேள்வி’ என்ற இருமை இங்கிருந்துதான் உறுதிப்படுகிறது.

ஆஸ்திரேலியா இவ்வழியில் செல்லவில்லை. மரீ விட்டேகர் சிறு வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை ஏறத்தாழ இழந்தவர். அக்கண்ணில் அறுவை செய்யும்முன் மருத்துவரை விடாது கேள்வி கேட்டார். நல்ல கண்ணுக்கு எதுவும் நேர்ந்துவிடலாகாது என்பதே அவர் அச்சம்; அறுவையின்போது அதனைத் தவறுதலாகத் தொட்டுவிடாதபடி மூடிவைக்க வேண்டும் என்றுகூடச் சொன்னார். ஒரு கண்ணின் அறுவை மறு கண்ணிலும் அழற்சியை உண்டாக்கக்கூடிய, ஏறத்தாழ 14,000 பேரில் ஒருவருக்கு நேரும் நோய்நிலையின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆகவே அதனைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அவர் இரு கண் பார்வையையும் இழந்தார். 1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நோயின் பெயர் தெரியாததால் கேள்வி கேள்வியாகாமல் போய்விடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பிரித்தானியாவில் பியர்ஸ் வழக்கு மகப்பேற்றுக்கு நேராக வருகிறது. ஆறாவது குழந்தையைச் சுமந்திருந்த டீனா பியர்ஸின் பேறுகால நாள் 1991 நவம்பர் 13. அந்நாள் கடந்து இரு வாரங்களாகியும் வலி வரவில்லை. நவம்பர் 27 அன்று மருத்துவரைச் சந்தித்து, வலியைத் தூண்டுங்கள் அல்லது சிசேரியன் செய்யுங்கள் என்று மன்றாடினார். தூண்டுவதில் உள்ள இடரையும் அறுவைக்குப் பின் உடல் தேறக் காலம் பிடிக்கும் என்பதையும் எடுத்துச்சொல்லி, இயற்கையாக நடக்கட்டும் என மருத்துவர் அறிவுறுத்தினார். காத்திருப்பதால் கரு இறந்து பிறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு கூடுகிறது என்பதைச் சொல்லவில்லை. டிசம்பர் 4 அன்று குழந்தை இறந்து பிறந்தது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உல்ஃப் பிரபு, நியாயமான நோயாளியின் முடிவைப் பாதிக்கக்கூடிய குறிப்பிடத்தக்க இடரைத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டத்தை ஓரடி முன்னே நகர்த்தினார். ஆனால் இவ்விடர் அத்தகையதன்று எனக் கருதப்பட்டு மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. ஐந்து பேறுகளைக் கண்ட ஒரு பெண், தன் உடலில் ஏதோ சரியில்லை என்று மன்றாடியது தீர்ப்பில் பின்னணிச் செய்தியாக மட்டுமே நிற்கிறது.

அதே 1998இல் அதே நீதிமன்றம் வேறொரு கருவுற்ற பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் ‘எஸ்’ என்று மட்டும் குறிக்கப்படும் அவர் கால்நடை மருத்துவமனைச் செவிலியர். 1996 ஏப்ரலில், 36 வாரக் கருவோடு இருந்தபோது அவருக்குக் கடுமையான ப்ரீ-எக்லாம்ப்சியா கண்டறியப்பட்டது. உடனே மருத்துவமனையில் சேராவிடில் இருவர் உயிருக்கும் ஆபத்து என்று சொல்லப்பட்டது. அவர் மறுத்தார், மறுப்பின் காரணங்களைத் தெளிவாகக் கைப்பட எழுதியும் கொடுத்தார். மனநலச் சட்டத்தின்கீழ் அவர் அடைத்துவைக்கப்பட்டார். அவர் அறியாமலேயே நீதிமன்ற ஆணை பெறப்பட்டுச் சிசேரியன் செய்யப்பட்டது. ஆணையிட்ட நீதிபதியிடம், அவருக்கு வலி தொடங்கி ஒரு நாள் ஆகிவிட்டது என்ற தவறான செய்தி தரப்பட்டிருந்தது. இவையனைத்தும் சட்டத்திற்குப் புறம்பானவை என மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுற்றிருப்பதால் ஒரு பெண்ணின் மறுக்கும் உரிமை குறைந்துவிடுவதில்லை.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. ‘வேண்டாம்’ என்ற பெண்ணின் சொல்லுக்குச் சட்டம் முழு மதிப்பளித்தது. ‘வேண்டும்’ என்றும் ‘ஏன் கூடாது’ என்றும் கேட்ட பெண்ணின் சொல்லுக்கு அம்மதிப்பு இல்லை. உடலைத் தொடுவதற்கான இசைவு ஒரு தெளிவான எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் அத்துமீறல். அறிவிப்பதற்கான கடமையோ கவனக்குறைவுச் சட்டத்தின் வழி வருவது. அங்கே போலம் அளவுகோல் காத்திருந்தது.

பெல்ஸ்ஹில், 1999

நடீன் மான்ட்கோமரி 1999இல் ஸ்காட்லாந்தின் லனார்க்சயர் பகுதியிலுள்ள பெல்ஸ்ஹில் மகப்பேறு மருத்துவமனையில் தம் முதல் குழந்தையை எதிர்நோக்கியிருந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் பயின்றவர். மருந்து நிறுவனமொன்றில் பணியாற்றியவர். தாயும் சகோதரியும் மருத்துவர்கள். இன்சுலின் சார்ந்த நீரிழிவு உடையவர். உயரம் ஐந்தடியைச் சற்றே தாண்டியவர். நீரிழிவுடைய தாய்மார்க்குக் குழந்தை பெரிதாக வளர்வதுண்டு. எடை தோள்பகுதியில் மிகுதியாகச் சேரும். அதனால் தலை வெளிவந்தபின் தோள் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும் இடர் 9 முதல் 10 விழுக்காடு. சிக்கிய தோளை விடுவிக்கும் முயற்சியில் கை நரம்புகள் பாதிக்கப்படுவது ஏறத்தாழ 0.2 விழுக்காடு. தொப்புள்கொடி நசுங்கி மூளை பாதிக்கப்படுவதோ உயிரிழப்போ நேர்வது 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. தோள் சிக்கும் இடர் அவரிடம் சொல்லப்படவே இல்லை.

அவர் பேசாதிருக்கவில்லை. குழந்தை பெரிதாக இருப்பதாகச் சொல்கிறார்களே, இயல்பாகப் பெற முடியுமா என்று ஒருமுறைக்கு மேல் கவலை தெரிவித்தார். இதனை மருத்துவரும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 36ஆம் வாரச் சந்திப்பில், குழந்தையின் அளவு பற்றி இவர் கவலைப்படுகிறார் என்று மருத்துவக் குறிப்பிலும் பதிவாயிற்று. அக்கவலைக்குக் கிடைத்த எதிர்வினைதான் வியப்புக்குரியது. ஸ்கேன் காட்டும் அளவுகள் அவரைக் கவலைக்குள்ளாக்குகின்றன என்று கருதி, 38ஆம் வாரத்தில் இன்னொரு ஸ்கேன் வேண்டாம் என முடிவு செய்யப்பட்டது. கவலையைத் தீர்க்கும் தகவல் கவலைக்குக் காரணமாகக் கருதப்பட்டு நிறுத்தப்பட்டது. இயல்பாகவே பெறலாம், இடையில் தடையேற்பட்டால் சிசேரியன் செய்துகொள்ளலாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவரும் ஏற்றுக்கொண்டார்.

38ஆம் வாரத்தை வைத்துக் கணக்கிட்ட எடை 3.9 கிலோ. 4 கிலோ எனக் கணிக்கப்பட்டிருந்தால் அந்த மருத்துவரின் வழக்கப்படி சிசேரியன் பற்றிப் பேசப்பட்டிருக்கும். ஸ்கேன் கணிப்பில் 10 விழுக்காடு வரை கூடவோ குறையவோ செய்யலாம் என்பது அறிந்ததே. வலி தூண்டத் திட்டமிட்டதோ 38 வாரங்களும் ஐந்து நாள்களும் நிறைவுறும்போது. அக்டோபர் 1 அன்று பிறந்த குழந்தையின் எடை 4.25 கிலோ. தலை வெளிவந்தபின் தோள் சிக்கியது. முழு உடலும் வெளிவர 12 நிமிடங்கள் ஆயின. உயிர்வளி கிட்டாமல் குழந்தைக்குப் பெருமூளை வாதம் ஏற்பட்டது. ஒரு கையின் நரம்புகளும் பாதிக்கப்பட்டன.

வழக்கில் மருத்துவர் அளித்த சாட்சியம் ஒளிவுமறைவற்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். தோள் சிக்கும் இடரைச் சொன்னால் பெரும்பாலான பெண்கள் சிசேரியனையே கேட்பார்கள். பெண்களுக்குச் சிசேரியன் செய்வது தாயின் நலனுக்கு உகந்ததன்று. ஆகவே தாம் அதனைச் சொல்வதில்லை என்பது அதன் பொருள். கடும் விளைவின் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் உண்மையே. தேவையற்ற அறுவைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற தொழில்சார் அக்கறை இதன் பின்னே இருந்ததை மறுப்பதற்கில்லை. அந்த அக்கறை யாருடைய முடிவின் இடத்தில் அமர்ந்தது என்பதே வழக்கு.

2010இல் முதல் விசாரணையிலும் 2013இல் எடின்பரோ மேல்முறையீட்டிலும் மான்ட்கோமரி தோற்றார். இரு நீதிமன்றங்களும் பிளைத், சிடவே வழக்குகளின் வழிநின்று அவருடைய சொற்களைப் பகுத்தன. அவர் தெரிவித்தவை பொதுவான கவலைகள். இயல்பான பேற்றில் என்னென்ன இடர்கள் உண்டு என்ற குறிப்பான கேள்வியை அவர் கேட்கவில்லை. ஆகவே விடை சொல்லும் கடமை எழவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் சிசேரியனைத் தேர்ந்திருக்கமாட்டார் என்றும் விசாரணை நீதிபதி முடிவு செய்தார்.

டிப்லாக் பிரபுவின் நீதிபதி-நோயாளியை இங்கு நினைவுகூர்தல் தகும். கல்வியுடையவர் கேட்பார், கேட்டால் பெறுவார் என்பது 1985இன் எதிர்பார்ப்பு. மான்ட்கோமரி அறிவியல் பட்டம் பெற்றவர். மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர். பிளைத் வழக்கின் பெண் செவிலியர். பியர்ஸ் தன் உடலின் பேறுகால இயல்பை ஐந்து முறை அறிந்தவர். இம்மூவரையும் கேட்கத் தெரியாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. நோயாளிக்கு விழிப்புணர்வு வந்தால் போதும், அவர் கேட்டுப் பெற்றுக்கொள்வார் என்ற கருத்து இன்றும் மருத்துவச் சொற்பொழிவுகளில் ஒலிப்பது. இவ்வழக்குகளின் சான்று அதற்கு எதிராக நிற்கிறது. பெண்கள் கேட்டனர், அவர்கள் சொற்கள் கேள்வி என்ற தகுதியை அடையவில்லை.

2015 மார்ச் 11

வழக்கு லண்டனில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் முன் சென்றது. கெர், ரீட் பிரபுக்கள் எழுதிய முதன்மைத் தீர்ப்பு, கேள்வி பற்றிய பழைய தருக்கத்தையே முதலில் கலைத்தது. கேட்க ஒன்று இருக்கிறது என்பதையே அறியாதவர் மீது கேட்கும் பொறுப்பைச் சுமத்துவது நடைமுறைக்குப் பொருந்தாது என்றனர். இடரைப் பற்றி எவ்வளவு மிகுதியாக ஒருவருக்குத் தெரியுமோ அவ்வளவு எளிதாக அவர் குறிப்பான கேள்வி கேட்டு விடை பெறுவார். தெரியாதவர் தன் அச்சத்தைப் பொதுவான சொற்களில்தான் சொல்வார். அவருக்குத்தான் தகவல் மிகத் தேவை. அவர் நீக்கிக்கொள்ள விரும்பும் அறியாமையே அவரைத் தகுதியற்றவராக்குகிறது என்ற முரணைத் தீர்ப்பு சுட்டியது.

இதன்படி புதிய அளவுகோல் வகுக்கப்பட்டது. நோயாளியின் நிலையிலிருக்கும் நியாயமான ஒருவர் பொருட்படுத்தக்கூடிய இடரையும், இந்தக் குறிப்பிட்ட நோயாளி பொருட்படுத்துவார் என மருத்துவர் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய இடரையும், ஏனைய சிகிச்சை வழிகளையும் எடுத்துச்சொல்ல மருத்துவர் கடமைப்பட்டவர். இடரின் பொருண்மையை விழுக்காட்டால் மட்டும் அளக்க இயலாது. கலைச்சொற்களை அள்ளிக்கொட்டுவதும் படிவத்தில் கையொப்பம் பெறுவதும் கடமையை நிறைவேற்றியதாகா. உடல்நலத்திற்குக் கடும் தீங்கு விளையும் எனக் கருதும் அரிய நிலையில் மட்டும் மருத்துவர் தகவலை நிறுத்திவைக்கலாம். நோயாளி தவறான முடிவெடுப்பார் என்ற அச்சத்தால் அவ்விலக்கைப் பயன்படுத்தலாகாது.

ஹேல் சீமாட்டி தனித்து எழுதிய பகுதி குறுகியது. மகப்பேற்று வரலாற்றுக்கு அதுவே நெருக்கமானது. சிசேரியன் தாயின் நலனுக்கு உகந்ததன்று என்னும் கூற்றை அவர் மருத்துவக் கூற்றாகவே ஏற்கவில்லை. இயல்பான பேறு எவ்வகையிலோ அறத்தால் மேலானது என்னும் மதிப்பீடு அதில் ஒளிந்திருப்பதாகக் கண்டார். கருவுற்றதும் ஒரு பெண் முடிவெடுக்கும் திறனையும் உரிமையையும் இழந்துவிடுகிறாள் என்று எண்ணிய காலம் போய்விட்டது என்றார். தேவையுணர்ந்து கேட்கும் பெண்ணுக்குத் திட்டமிட்ட சிசேரியன் அளிப்பதைப் பற்றிய 2011ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதலையும், மேலே கண்ட ‘எஸ்’ வழக்கையும் அவர் துணையாகக் கொண்டார். 1998இல் மறுப்புக்குக் கிடைத்த மதிப்பு பதினேழு ஆண்டுகளுக்குப் பின் கேள்விக்கும் வந்து சேர்ந்தது.

சொல்லியிருந்தால் மான்ட்கோமரி எதைத் தேர்ந்திருப்பார் என்ற வினாவுக்கு விடை, மருத்துவரின் சாட்சியத்திலேயே இருந்தது. சொன்னால் பெண்கள் சிசேரியனைத் தேர்வார்கள் என்பதற்காகவே சொல்லாதிருந்தவர், சொல்லியிருந்தாலும் இவர் தேர்ந்திருக்கமாட்டார் என வாதிட இயலாது. குழந்தையின் வாழ்நாள் பராமரிப்புக்காக 52.5 லட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. அப்போது குழந்தைக்கு வயது பதினைந்து.

பின்னர்

தீர்ப்பின் தாக்கம் விரைவில் மற்றொரு மகப்பேற்று வழக்கில் தெரிந்தது. வெப்ஸ்டர் எதிர் பர்ட்டன் வழக்கில், கரு வயதுக்கு ஏற்ற வளர்ச்சியின்றிச் சிறிதாக இருந்தது. பனிக்குட நீரும் மிகுந்திருந்தது. இவை சேர்ந்து வரும்போது இடர் கூடலாம் என்ற ஆய்வுச் சான்று அப்போது முழுமை பெறவில்லை. தாயின் பேறுகால நாள் 2002 டிசம்பர் 27; குழந்தை பிறந்தது 2003 சனவரி 7. விசாரணை நீதிமன்றம் போலம் அளவுகோலின்படி வழக்கைத் தள்ளியது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மான்ட்கோமரி அளவுகோலைக் கொண்டு அதனை மாற்றியது: அரைகுறைச் சான்றாயினும் அதனைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருந்தால் அத்தாய் டிசம்பர் 27 அன்றே பேற்றை வேண்டியிருப்பார். அவரும் செவிலியக் கல்வி கற்றவர். இம்முறை அவ்வறிவு, தகவல் கிடைத்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

எல்லையும் வகுக்கப்பட்டது. 2023இல் மக்கல்லக் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், எச்சிகிச்சைகள் நியாயமான மாற்று வழிகள் என்பதைத் தொழில்முறை அளவுகோலே தீர்மானிக்கும் என்றது. அதாவது, மேசைமேல் எவை வைக்கப்படுகின்றன என்பது இன்னும் மருத்துவரின் கையில். வைக்கப்பட்டவற்றுள் தெரிவு செய்வதே நோயாளியின் உரிமை.

இந்தியத் தீர்ப்பொன்று

பிரித்தானியப் பொதுச்சட்டத்தின் மரபு இந்தியாவிலும் தொடர்வதால் ஓர் ஒப்புநோக்கு இங்குத் தேவைப்படுகிறது. போலம் அளவுகோலை இந்திய உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உறுதிப்படுத்தியது. இசைவு பற்றிய முதன்மைத் தீர்ப்பு 2008 சனவரியில் வந்த சமீரா கோலி வழக்கு. அது மகப்பேற்று வழக்கன்று. ஆயினும் பெண்ணுடலும் மகப்பேற்றுறை உறுப்புகளும் பற்றியதே. 1995 மே மாதத்தில், மாதவிலக்கு உதிரப்போக்குக்காக வந்த 44 வயதுப் பெண், லாப்ரோஸ்கோப்பி வழி உள்ளே பார்த்துக் கண்டறிவதற்கு இசைவளித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. முடிவெடுக்கும் திறனுடைய வயதுவந்த பெண்ணுக்காக வேறொருவர், தாயே ஆயினும், இசைவு தர இயலாது என்றது நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய்.

இத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆர். வி. ரவீந்திரன், எவ்வளவு தகவல் தரப்பட வேண்டும் என்னும் வினாவுக்கு வந்தபோது அமெரிக்கக் காண்டர்பரி வழக்கின் நோயாளி மையக் கொள்கையை ஏற்கவில்லை. போலம், சிடவே வழியையே தேர்ந்தார். இந்திய மருத்துவச் சூழலின் நடைமுறை உண்மைகள் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன: பெரும்பான்மையோரின் வறுமை, கல்வியின்மை, மருத்துவர் மீது வைக்கும் நம்பிக்கை. இங்குத்தான் இரு தீர்ப்புகளும் ஒரே உண்மையிலிருந்து எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. நோயாளிக்குத் தெரியாது என்பது 2008இல் டெல்லியில் குறைவாகச் சொல்வதற்கான காரணமாயிற்று; 2015இல் லண்டனில் கேட்காமலே சொல்வதற்கான காரணமாயிற்று.

கருக்கலைப்பைப் பொறுத்தவரை 1971ஆம் ஆண்டின் சட்டமே, வயதுவந்த பெண்ணின் இசைவு ஒன்றையே வேண்டுகிறது. கணவனின் கையொப்பத்தை அது கேட்கவில்லை. சிசேரியனுக்கு முன் கணவனிடமோ உறவினரிடமோ கையொப்பம் வாங்கும் பழக்கத்துக்குச் சமீரா கோலி தீர்ப்பின் முதற்பகுதியே மறுப்பாக அமைகிறது. கையொப்பமிட வேண்டியவர் அப்பெண்ணே என்பதில் அத்தீர்ப்புக்கு ஐயமில்லை. கையொப்பமிடும்முன் அவர் எதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்பதை அத்தீர்ப்பின் பிற்பகுதி மருத்துவர் சமூகத்தின் வழக்கத்திடமே விட்டிருக்கிறது.